இடது கைக்கு ஒரு பால்கத்தி

என் அக்கா வீட்டுக்காரர் திருச்செல்வம் ஐம்பத்திரண்டு வயதில் இரும்பு அடிக்கக் கிளம்பியதற்கு ஓர் உடும்புதான் காரணம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே உடும்பு. போன தீபாவளி கழிந்து இரண்டு வாரம் இருக்கும். மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலையில், சிம்பாங் அம்பாட்டிலிருந்து ரப்பர் பால்மரக் காட்டுக்குப் போகும் சின்ன ரோட்டில் மாமா மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறார், பின்னால் அக்கா. மாமா என்று நான் சொல்வது இந்தத் திருச்செல்வத்தைத்தான். ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு குறுக்கே நடந்து வந்தது. மாமா பிரேக்கை அழுத்தினார். மோட்டார் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். உடும்பு அதுபாட்டுக்கு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. மாமாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அக்காவுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

அக்காவின் பெயர் காளியம்மா. முதல் பிள்ளை என்று அப்பா நேர்ந்துகொண்ட சாமியின் பெயரை அவளுக்கு வைத்தார். பதினொரு வருஷம் கழித்துப் பிறந்த எனக்குத் தாரணி என்று நாகரிகமாக வைத்தார். அதை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். எனக்குப் படிப்பு கிடைத்தது, அவளுக்குப் பால்வெட்டு கிடைத்தது. படித்து நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை, ஜங்ஷனில் பிசாங் கோரெங் கடை போட்டு வாழைப்பழம் பொரித்து விற்கிறேன். அவளோ பதினாறு வயதில் கத்தி பிடித்தவள். எஸ்டேட் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறிய பிறகும் விடவில்லை. பாக் சாலே என்ற மலாய்க்காரரின் முந்நூறு மரத்தைப் பதினான்கு வருஷமாக, பாதிக்குப் பாதி என்ற பேச்சில் வெட்டி வந்தாள். அந்த முந்நூறில் எது சோம்பேறி மரம், எது மழைக்கு முன்னால் நிறையக் கொடுக்கும் மரம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

ஜனவரியில் கட்டுப் பிரித்தார்கள். கரண்டி பிடிக்கலாம், பட்டன் போடலாம். ஆனால் மணிக்கட்டு திரும்பவில்லை. பால்வெட்டு முழுக்க மணிக்கட்டில்தான் இருக்கிறது. பட்டையை மெலிசாகச் சீவி இழுக்கும்போது கையும் மரத்தைச் சுற்றி வளைய வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டுமுண்டாகத் தடித்துவிடும், அப்புறம் அங்கே கத்தியே ஓடாது.

அக்கா ஒரு வார்த்தை மாமாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த மனுஷன் பிழைத்திருப்பார். அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிறகு அவருடைய மோட்டாரில் அவள் ஏறவில்லை. "முதுகு வலிக்குது, தாரணி காருல போய்க்கிறேன்" என்பாள். ஆஸ்பத்திரிக்கும் நான், பசாருக்கும் நான், கோயிலுக்கும் நான். முதுகில் என்ன வலி, எனக்குத் தெரியாதா? மாமாவுக்கும் தெரியும். மோட்டாரைத் துடைத்துத் துடைத்து வாசலில் நிறுத்தி வைப்பார். அவள் அதைச் சுற்றிக்கொண்டு என் காருக்கு வருவாள்.

ஜனவரி கடைசியில் பாக் சாலே வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், கையில் ஒரு சீப்புப் பழம். உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு மலாயில் விஷயத்தைச் சொன்னார். இப்போது மரம் இலை உதிர்க்கிற காலம், வெட்டு ஓய்ந்திருக்கிறது. புதுத் தளிர் முற்றியதும் திரும்ப வெட்ட வேண்டும். ஓர் இந்தோனேசியக்காரர் காட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "காளி, நீ வந்து பத்து மரம் வெட்டிக் காட்டு. மரத்துக்குக் காயம் இல்லையென்றால் காடு உன்னுடையதுதான். காயம் பட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது." அவருடைய அப்பா விட்டுப்போன மரம், அவருக்கும் வேறு வழியில்லை.

அக்கா அசரவில்லை. "இடது கையால வெட்டிக் காட்டறேன்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் இடது கையால் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கமாட்டோம். கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் அக்கா இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்து, நான்தான் கரண்டியால் ஊட்டினேன். சோறு போடுகிற தொழிலை இடது கையால் தொடுவதென்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் சொல்லிவிட்டாள்.

சொல்வது சுலபம். பாக் சாலே போனதும் பழைய கத்தியை இடது கையில் பிடித்துக் கொல்லைப்புறத்துப் பப்பாளி மரத்தில் வைத்துப் பார்த்தாள். பால்கத்தி மற்றக் கத்திகள் மாதிரி நேராக இருக்காது. நுனி இரண்டு இதழாக மடிந்திருக்கும், கழுத்து ஒரு பக்கம் வளைந்திருக்கும், எல்லாம் வலது கைக்காகச் செய்தது. இடது கையில் பிடித்தால் முழங்கை போய் மரத்தில் இடித்தது. மூன்று தரம் இடித்த பிறகு கத்தியைப் பப்பாளி மரத்தடியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா அதை எடுத்துக்கொண்டு அலோர் காஜாவில் இருக்கும் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனார். கடைக்காரர் நாற்பது வருஷமாகப் பால்கத்தி விற்கிறவராம். இடது கைக்குக் கத்தி என்று யாரும் கேட்டதே இல்லை என்று சொல்லியிருக்கிறார். மாமா நேராக என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"தாரணி, நானே அடிக்கப் போறேன்."

"யார?"

"கத்தியம்மா, கத்தி."

"அலாமாக்! மாமா, நீங்க ஆணி அடிச்சாலே வெரல்ல அடிப்பீங்க. ஒங்களுக்கு எதுக்கு லா இந்த வேல?"

அவர் சிரிக்கவில்லை. "நான்தானே ஒடச்சேன்" என்றார். கண் கலங்கிவிட்டது. வாடிக்கையாளர் வேறு நிற்கிறார்கள். ஒரு தட்டுப் பழத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமா பேக்டரி பஸ் ஓட்டுகிறார். காலை ஏழரைக்குள் ஆட்களை இறக்கிவிட்டால் மூன்று மணி வரை சும்மாதான். முன்பெல்லாம் அந்த நேரத்தில் பஸ்ஸுக்குள்ளேயே தூங்குவார். பிப்ரவரியிலிருந்து தூக்கம் போச்சு. போனில் கத்தி அடிக்கிற வீடியோவாகப் பார்த்தார். ஒரு தாய்லாந்துக்காரர், இன்னொரு வெள்ளைக்காரர். அவர்கள் பேசியது ஒரு வார்த்தை புரியாது. கையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

லாரி பட்டறை வைத்திருக்கும் ரெஜினால்ட் என்ற தம்பிதான் சாமான் கொடுத்தது. லாரியின் பழைய பிரேக் டிரம் ஒன்று, அதுதான் உலை. ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு, அதுதான் பட்டறைக்கல். உடைந்துபோன ஸ்பிரிங் பட்டைகள் ஒரு கட்டு. காற்றுக்கு என் ஹேர் டிரையர். கேட்டு வாங்கினாரா? இல்லை. குளித்துவிட்டு வந்து தேடினேன், அது கொல்லைப்புறத்தில் கரிக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது. நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு, வேலியில் ஒரு வழி உண்டு, அதனால் இந்த அநியாயம் எல்லாம் நடக்கும்.

முதல் கத்தி தண்ணீரில் செத்தது. பழுக்கக் காய்ச்சி வாளித் தண்ணீரில் முக்கினார், 'டிங்' என்று ஒரு சத்தம், குறுக்கே முடி அளவுக்கு விரிசல். ரெஜினால்ட் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, ஸ்பிரிங் பட்டைய தண்ணியில போடாதீங்க லா. எண்ணெயில போடணும்." எண்ணெய் என்றதும் மாமா யார் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்? பழம் பொரித்த என் எண்ணெய் ஒரு டின், அன்றைக்கே வேலியைத் தாண்டிப் போய்விட்டது.

இரண்டாவதை எதில் செய்தார் தெரியுமா, பழைய வாசல் கேட்டுக் கம்பியில். இரும்பு என்றால் எல்லாம் இரும்புதானே என்று நினைத்திருக்கிறார். அது எவ்வளவு காய்ச்சி முக்கியும் இறுகவில்லை, கட்டை விரலால் அமுக்கினாலே நுனி மடங்கியது. மூன்றாவது நல்ல பட்டைதான், ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே உலையில் மறந்துவிட்டார். மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்து நுனியே கருகிப் போனது. அந்தப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்போம், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, துணியெல்லாம் புகை நாற்றம் என்று சத்தம் போட்டார். மாமா அவருக்கு ஒரு காய்கறிக் கத்தி அடித்துத் தருவதாகச் சொல்லிச் சமாளித்தார். அந்தக் கத்தி இன்னும் வரவில்லை, மக்சிக் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு நடந்தும் அக்கா கொல்லைப்புறத்தில் கால் வைக்கவில்லை. சத்தம் கேட்டால் டிவியைக் கூட்டி வைப்பாள். ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாள். "எனக்கு ஆசை காட்டாதீங்கடி. அப்புறம் இல்லன்னு ஆனா என்னால தாங்க முடியாது."

அதனால் நானும் மாமாவும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தோம். கத்தி முழுசாகத் தயாரானதும் காட்டுவோம், அதுவரைக்கும் அவளிடம் ஒன்றும் கேட்கவேண்டாம். பெரிய அறிவாளிகள்!

நான்காவதற்கு மாமா ஓர் உபாயம் கண்டுபிடித்தார். இடது கைக்கத்தி என்றால் என்ன, வலது கைக்கத்தியைத் திருப்பிப் போட்டது. என் வீட்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் அக்காவின் பழைய கத்தியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குள் தெரிந்ததைப் பார்த்து அவர் அட்டையில் வரைந்தார், வெட்டினார். "பாத்தியா, அச்சு அசல் இடது கை" என்றார். எனக்கும் அது ரொம்ப சரி என்றே பட்டது. மாமாவின் மூளையை மெச்சிக்கூடச் சொன்னேன்.

அந்தக் கத்தி நன்றாக வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். எப்போது முக்குவது என்று கண்டுபிடிக்க ரெஜினால்ட் காந்தம் கொடுத்திருந்தான். இரும்பு போதுமான அளவு காய்ந்தால் காந்தம் ஒட்டாதாம். மாமா எடுத்து எடுத்துத் தொட்டுப் பார்த்தார். ஒட்டியது, ஒட்டியது, பிறகு ஒட்டவில்லை. உடனே எண்ணெயில் இறக்கினார். விரிசல் இல்லை, கோணல் இல்லை. அரத்தை வைத்து ராவினால் அரம் வழுக்கியது. கொய்யாக்கட்டையில் பிடி போட்டார். சாமிப் படத்தின் முன்னால் வெற்றிலைமேல் வைத்து, குளித்து, திருநீறு பூசி, அக்காவிடம் நீட்டினார்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புருவம் லேசாகச் சுருங்கியது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்க, மரத்துல பாப்போம்" என்றாள். குரலில் ஆசை இருந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

மூன்று பேரும் காட்டுக்குப் போனோம். அக்கா என் காரில், மாமா மோட்டாரில். பால்மரத்தின் முன்னால் நின்று பார்த்தால், வெட்டு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிந்து இறங்கும். பால் அந்தச் சரிவில் ஓடி, தகரப் பீலி வழியாக மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், விழும். முந்நூறு மரத்திலும் அப்படித்தான். அக்கா ஓரத்து மரத்தில் புதுக் கத்தியை இடது கையால் வைத்து இழுத்தாள். கத்தி பட்டைமேல் ஏறி வழுக்கியது. மறுபடி வைத்து அமுக்கினாள். நுனி உள்ளே குத்தி, வெள்ளை மரம் தெரிந்தது. காயம்.

அவள் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, கைதானே மாறுச்சு. மரம் மாறலையே."

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவள் விரலால் சரிவைக் காட்டினாள். "வெட்டு எப்பவும் இப்படித்தான் எறங்கும். அதனால கத்தி வாயி பழையபடிதான் இருக்கணும். நீங்க வாயையும் திருப்பிட்டீங்க. இந்தக் கத்தி வெட்டணும்னா, வெட்டு வலது பக்கத்துல இருந்து எறங்கணும். அப்படி மரம் எங்க இருக்கு?"

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். என்மேல் வர வேண்டிய கோபம், அவர்மேல் பாய்ந்தது. "இருபத்தாறு வருஷம் குடும்பம் பண்றீங்க மாமா! தெனமும் கொண்டாந்து விட்டீங்களே, ஒரு நாளாச்சும் எறங்கி வந்து அவ எப்படி வெட்டறான்னு பாத்தீங்களா? பதினாலு வருஷமா இந்தக் காடு, மரத்துல வெட்டு எந்தப் பக்கம் எறங்குதுன்னு தெரியாதா ஒங்களுக்கு?"

"ஒனக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா என்னைப் பார்த்து.

அவள் வெட்டிய பாலில்தான் நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் வரை படித்தேன். கண்ணாடி முன்னால் கத்தி பிடித்து நின்றவளும் நான்தான்.

மாமா அந்த மரத்தடியில் குந்தி உட்கார்ந்துவிட்டார். "பாக்கல, காளி. விட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடிடுவேன். பாக்கவே இல்ல" என்றார். அக்கா கத்தியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு என் காரில் வந்து ஏறிக்கொண்டாள். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தளிர் முற்ற ஐந்தாறு வாரம்தான் இருந்தது.

இரண்டு நாள் சுத்தியல் சத்தம் இல்லை. நல்லதாகப் போச்சு, தலைவலி விட்டது என்று நினைத்திருக்க வேண்டும். நினைக்க முடியவில்லை. வேலி வழியாகப் பத்துத் தரமாவது எட்டிப் பார்த்திருப்பேன். மூன்றாம் நாள் மத்தியானம், மாமா தோளில் ஒரு வாழைமரத் தண்டைச் சுமந்துகொண்டு வந்தார். எனக்குப் பழம் கொடுக்கிற தோட்டத்தில், குலை வெட்டிய மரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அதைக் கொல்லைப்புறத்தில் குழி தோண்டி நட்டார். பிறகு வீட்டுக்குள் போய் டிவியை அணைத்தார்.

"வா காளி. எனக்குக் காட்டு."

"என்னத்த காட்டறது?"

"நீ எப்படி வெட்டுவேன்னு. மொதல்ல இருந்து."

அக்கா என்ன நினைத்தாளோ, எழுந்து வந்தாள். அன்றுதான் முதல் தடவை அந்த உலைப்பக்கம் வந்தாள். ஒரு கரித்துண்டை எடுத்து வாழைத்தண்டின்மேல் சரிவாகக் கோடு போட்டாள். வெறும் கையாலேயே வெட்டிக் காட்டினாள். கால் எங்கே வைக்க வேண்டும், உடம்பு எப்போது நகர வேண்டும், கை எங்கே மடங்கும், எல்லாம் காட்டினாள். மாமா மண்ணில் உட்கார்ந்து கீழே இருந்து பார்த்தார், சுற்றிப் போய்ப் பார்த்தார், மறுபடி செய்யச் சொன்னார். அவள் கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, சரிவில் பிடிக்கச் சொல்லி, அந்தக் கோணத்தை அட்டையில் குறித்தார். பழக்கதோஷத்தில் அவர் என் வீட்டு அலமாரிக் கண்ணாடி இருக்கும் பக்கம் திரும்பியபோது, அக்கா அதட்டினாள்.

"கண்ணாடியப் பாக்காதீங்க. என் கையப் பாருங்க."

ஐந்து நாள் இப்படி. கடைசியில் விஷயம் இவ்வளவுதான் என்று தெரிந்தது. நுனியின் இரண்டு இதழும் பழைய கத்தி மாதிரியே இருக்க வேண்டும். கழுத்து மட்டும் மறுபக்கம் வளைய வேண்டும், பிடி நாலு விரல் அதிக நீளம் வேண்டும், அப்போதுதான் முழங்கை மரத்தில் இடிக்காது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு மனுஷனுக்கு நான்கு கத்தி!

ஐந்தாவது அடித்த அன்று நான் கடை போடவில்லை. அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்து, என் ஹேர் டிரையரை இடது கையில் பிடித்திருந்தாள். மாமா ஸ்பிரிங் பட்டையைத் தட்டி மெலிசாக்கினார். தண்டவாளத்தில் கிரைண்டரால் ஒரு பள்ளம் அறுத்து வைத்திருந்தார், அதில் நுனியை வைத்துத் தட்டி மடித்தார். "இன்னும் கொஞ்சம்", "போதும், போதும்", "கழுத்து இன்னும் வளையணும்" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அடிப்பது அவர், அளவு அவள். காந்தம் ஒட்டாமல் போனபோது மாமா எண்ணெயில் இறக்கினார். புகை எழும்பியது, வாழைப்பழ வாசனை வந்தது. மூன்று பேரும் அந்த 'டிங்' சத்தம் வருமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். வரவில்லை. மாமா இடுக்கியால் தூக்கி, அக்காவிடம்தான் முதலில் காட்டினார்.

பிறகு அதை என் கேக் அடுப்பில் வைத்து மிதமான சூட்டில் இரண்டு தரம் வாட்டினார், வைக்கோல் நிறம் வரும்வரை. இல்லையென்றால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடுமாம். இந்தத் தீபாவளிக்கு அந்த அடுப்பில் கேக் சுட்டால் எப்படி இருக்குமோ, பார்ப்போம்.

கத்தி வந்துவிட்டால் ஆச்சா? கை வர வேண்டுமே. காற்றில் சாய்ந்து கிடந்த ஒரு பால்மரத்துண்டை ரெஜினால்ட் லாரியில் கொண்டுவந்து போட்டான். அதை நிறுத்தி வைத்து அக்கா மூன்று வாரம் பழகினாள். முதல் வாரம் முழுக்கக் காயம். சில நாள் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். மாமா பொறுக்கிக்கொண்டு வந்து தீட்டிக் கொடுப்பார். அவளும் புதுசு, அவரும் புதுசு. கழுத்து ஒரு தரம் லேசாக வளைந்து போனது, மறுபடி காய்ச்சி, மறுபடி முக்கி, மறுபடி வாட்டினார்.

ஏப்ரல் நடுவில், சித்திரை பிறந்த வாரம், பாக் சாலே வரச் சொன்னார். நான் விடியற்காலை எழுந்து அக்காவைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மாமா மோட்டாரில் பின்னாலேயே வந்தார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அக்கா முதல் மரத்தடியில் கற்பூரம் கொளுத்தினாள், எலுமிச்சம்பழம் வைத்தாள். பாக் சாலே கொஞ்சம் தள்ளி மரியாதையாக நின்றார். அக்கா, மணிக்கட்டு திரும்பாத அந்த வலது கையால் கத்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு இடது கைக்கு மாற்றினாள். "மன்னிச்சுக்கோ" என்று மரத்திடம் சொன்னது எனக்கே கேட்டது.

வெட்டினாள். பட்டை சுருள் சுருளாக விழுந்தது. பழைய வேகம் இல்லை, பாதிதான். ஆனால் கத்தி சரிவை விட்டு விலகவில்லை. வெள்ளையாகப் பால் கசிந்து, கோடாகி, பீலிக்கு இறங்கி, முதல் சொட்டு மங்கில் விழுந்தது. இரண்டாவது மரம், மூன்றாவது. ஏழாவது மரத்தில் அவள் கை ஒரு தரம் தடுமாறியது. அவள் நின்று, மூச்சு விட்டு, எடுத்து வைத்து முடித்தாள்.

பத்தும் முடிந்ததும் பாக் சாலே டார்ச்சை அடித்து ஒவ்வொரு மரமாகக் குனிந்து பார்த்தார். வெட்டை விரலால் தடவினார். ஏழாவது மரத்தில் ரொம்ப நேரம் நின்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்ற நிலையைப் பார்த்தால், அவரைத்தான் போலீஸ் பிடித்துக்கொண்டு போகப் போகிறது என்று தோன்றும்.

"இங்கே ஒரு நகம் அளவு காயம்" என்றார் பாக் சாலே மலாயில். "நீ படுத்திருந்தபோது என் தங்கை மகன் இரண்டு கையாலும் வெட்டி இதைவிட மோசமாக்கி வைத்தான். வெட்டு, காளி. மரம் உன்னுடையதுதான்."

எலும்பு முறிந்தபோது அழாதவள், இப்போது அழுதாள். அழுதுகொண்டே பதினோராவது மரத்துக்குப் போய்விட்டாள். முந்நூறில் பத்துதானே முடிந்திருக்கிறது, அவளுக்கு வேலை கிடந்தது.

போகும்முன் பாக் சாலே கத்தியைப் பற்றி விசாரித்தார். மாமா அடித்தது என்று தெரிந்ததும், தனக்கும் ஒன்று வேண்டும், வலது கைக்கு, என்றார். மாமா கூச்சத்தோடு நெளிந்தார். "பாக் சாலே, வலது கைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது" என்று மலாயில் சொன்னார்.

அன்று மாமா பஸ்ஸுக்குப் போகவில்லை. வேறு ஆளை ஓட்டச் சொல்லியிருந்தாராம். கடைசி மரம் வரைக்கும் அக்காவுக்குப் பின்னாலேயே நடந்தார். "சும்மா நிக்காதீங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க. மங்கத் தொடைங்க" என்று அவள் விரட்டினாள். ஒன்றுவிடாமல் துடைத்தார். வெயில் ஏறிய பிறகுதான் முந்நூறும் முடிந்தது. சட்டை முழுக்கப் பால், கொசுக்கடி, ஆனால் முகத்தில் ஒரு பிள்ளைச் சிரிப்பு.

நான் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா வந்தாள். என்னைத் தாண்டினாள். காரையும் தாண்டினாள். மாமாவின் மோட்டார் கூடையில் கத்தியைத் துணி சுற்றி வைத்தாள். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்து, திரும்பாத அந்த வலது கையை அவர் தோளில் வைத்தாள்.

மாமாவுக்குச் சாவி போட வரவில்லை.

"எடுங்க" என்றாள் அக்கா. "உடும்பு வந்தா நான் சொல்றேன். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

இரண்டு பேரும் போய்விட்டார்கள். இத்தனை மாசமும் கார் ஓட்டியவள் நான், ஹேர் டிரையரும் எண்ணெயும் கேக் அடுப்பும் கொடுத்தவள் நான். ஒருத்தராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! நான் கார்க் கதவைச் சாத்திவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் நன்றாக அழுதுவிட்டு, கடை போடப் போனேன்.